ஓட்டை விழுந்த இலைக்குக் காசு கொடுங்கள்: பெஸ்தாரி ஜெயா சாலையோர நர்சரி

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயாவில் தோட்டம் என்றால் அது செம்பனைதான், எண்ணெய்க்காக வளர்க்கிற பனை. வீட்டுக்கு முன்னால் நாலு செடி நிற்பதை யாரும் தோட்டம் என்று சொல்வதில்லை. ‘பூச்செடி வச்சிருக்காங்க’ என்பதோடு சரி. அந்தப் பூச்செடிக்காரர்களை நம்பி ஊருக்கு வெளியே சாலையோரத்தில், கறுப்பு வலை போட்ட ஒரு நர்சரி நடக்கிறது. நாட்டுச் செடிகள் கிடைக்கும், பறவையும் பட்டாம்பூச்சியும் தேடி வரும் என்று பலகையில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறார்கள். அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு போனால் நல்ல செடியோடு திரும்பலாம். தெரியாமல் போனால் நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) அமெரிக்கக் களைச்செடிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வரவேண்டியதுதான்.

கடை இரண்டு பகுதியாக இருக்கிறது. முன்னால் வெயிலில் காகிதப்பூ, செம்பருத்தி, ரோஜா, தொங்கும் சட்டிகள், நடுவில் ஒரு சிமெண்டு வாத்து. பின்னால் வலைக்குக் கீழே பாலிபேக் என்கிற பிளாஸ்டிக் பையில், மலாய்ப் பெயர் கொண்ட நாட்டுச் செடிகள்: செண்டுடுக், மெமாலி, சிம்போ ஆயேர், காந்தான், கெலாட் பாயா. முன்பகுதிச் செடிகளின் இலை துடைத்து வைத்த மாதிரி இருக்கும், ஒரு கடி கிடையாது. பின்பகுதியில் இலைக்கு இலை ஓட்டை, சிலவற்றில் நரம்பு மட்டும்தான் மிச்சம். முதல் தடவை வருகிறவர்கள் முன்னாலேயே நின்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பட்டாம்பூச்சிக்காகச் செடி வாங்குகிறவர் போகவேண்டியது பின்னால்தான்.

காரணம் மருந்து. முன்பகுதிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள், கேட்டால் மறைப்பதும் இல்லை. இலைமேல் படுகிற மருந்தாக இருந்தால் மழையும் வெயிலும் பட்டு இரண்டு மூன்று வாரத்தில் வீரியம் குறையும். வேர்வழியாக ஏறுகிற இமிடாகுளோபிரிட் வகை வேறு. சட்டி மண்ணில் போட்டால் தண்டு, இலை, பூந்தேன், மகரந்தம் எல்லாவற்றிலும் ஏறி, சட்டிச் செடியில் மாதக்கணக்கில் நிற்கும். கழுவினாலும் போகாது. அந்த இலையில் முட்டையிட்ட பட்டாம்பூச்சியின் புழு முதல் கடியிலேயே போய்விடும். ‘செடி வச்சேன், முட்டைகூட பார்த்தேன், ஒரு புழுவும் வளரல’ என்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் நடப்பது இதுதான். அதனால் கேட்க வேண்டிய கேள்வி ‘மருந்து அடிச்சதா?’ என்பது மட்டுமல்ல. ‘அக்கா, மண்ணுல குருணை ஏதும் போட்டீங்களா?’ என்று கேளுங்கள். பின்பகுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா அதற்கு நேராகப் பதில் சொல்கிறார்: ‘முன்னால உள்ளதுக்குப் போடுறாங்க தம்பி, இங்க போடுறதில்ல.’ அப்படியும் முன்பகுதிச் செடிதான் பிடித்திருக்கிறது என்றால், வாங்கிவந்து மூன்று மாதமாவது தனியாக வைத்து, புதுத்துளிர் நன்றாக விட்டபிறகு மற்றவற்றோடு சேர்க்கலாம். அதுகூட உத்தரவாதமில்லை.

கடையின் பெருமைக்குரிய சரக்கு ‘பட்டாம்பூச்சி மூலை’ என்ற தொகுப்பு. பன்னிரண்டு செடி, இரண்டு மூட்டை மண், ஒரு பை கூழாங்கல், நட்டும் கொடுப்பார்கள், 180 வெள்ளி. விலை நியாயம், வேலையும் சுத்தம். ஆனால் அந்தப் பன்னிரண்டில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: உண்ணிச்செடி மூன்று, நீலப்பூ விடும் ஸ்டாக்கிடார்பேட்டா மூன்று, வெள்ளைப்பூ டர்னேரா நான்கு, கொடிரோஜா என்று சொல்கிற அந்திகோனான் இரண்டு. நான்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. உண்ணிச்செடி விதை பறவை எச்சத்தில் பரவி, ஒதுக்குப்புறமெல்லாம் புதராகிறது. இவற்றில் தேன் உண்டு, பட்டாம்பூச்சி வந்து குடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் உள்ளூர்ப் பட்டாம்பூச்சிகள் பெரும்பாலானவற்றின் புழுவுக்கு இந்த நான்கிலும் தின்ன ஒன்றுமில்லை. குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டு எலுமிச்சையில் போய் முட்டையிடும்.

டர்னேராவும் அந்திகோனானும் நாட்டுச்செடி என்று இங்கே நிறையப் பேர் நினைப்பதற்குக் காரணம் உண்டு. செம்பனைத் தோட்டச் சாலைகளின் ஓரத்தில் வரிசையாக நிற்பவை அவைதான், கூடவே மஞ்சள் பூ காஸியாவும். சிறு வயதிலிருந்து பார்த்த பூ, அதனால் ஊர்ப்பூ என்று மனதில் பதிந்துவிட்டது. அழகுக்காக நிர்வாகம் அவற்றை நடவில்லை. கூட்டைப் பைபோலச் சுமந்துகொண்டே செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவை ஒழிக்கிற ஒட்டுண்ணிக் குளவிகள் இந்தப் பூக்களின் தேனைக் குடித்துத்தான் உயிர்வாழும்; அந்தக் குளவிக்கான சாப்பாட்டுக்கடை அது. தோட்டத்துக்கு அது நல்ல ஏற்பாடு. செம்பனையும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதானே. 1917-ல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது இந்த ஊரை ஒட்டித்தான். தோட்டத்தின் பெயர் தென்னமரம், நட்டதோ செம்பனை. நம் செம்பருத்தியும் 1960-ல் தேசிய மலரானது என்றாலும் இந்த மண்ணில் பிறந்தது அல்ல. இதையெல்லாம் வைக்கக்கூடாது என்பதில்லை. நாட்டுச்செடி என்று பலகை போட்டு, நாட்டுச்செடி விலை வாங்குவதுதான் குறை.

தொகுப்பு வேண்டுமென்றே கேட்கிறவர்கள், மண்ணையும் கல்லையும் ஆள் கூலியையும் அப்படியே வைத்துக்கொண்டு செடியை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றித் தருகிறார்கள், கூடுதலாக இருபது முப்பது வெள்ளி ஆகும். என்ன மாற்றுவது என்பதுதான் இனி.

முதலில் செண்டுடுக். ஆறு அங்குலப் பையில் 5 வெள்ளி. இந்தக் கடையில் காசுக்கு மேல் மதிப்புள்ள செடி இதுதான். ஊதாப்பூ, பூவின் நடுவில் இரண்டு விதமான மகரந்தத்தாள்கள், சில மஞ்சள், சில ஊதா. பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் நுனியில் உள்ள சின்னத் துளைவழியாகத்தான் வெளியே வரும். தச்சன் தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் உதிரும். காலை எட்டு மணிவாக்கில் செடிக்குப் பக்கத்தில் நின்றால் அந்த ரீங்காரம் சட்டென்று உச்சத்துக்கு ஏறி நிற்பது காதில் விழும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை வராது. காய் பழுத்து வெடித்தால் உள்ளே கருநீலச் சதை. முதுகு சிவந்த சின்னஞ்சிறு பூங்கொத்திக் குருவியும் மஞ்சள் பிட்டச் சின்னானும் விடமாட்டா. தோட்டத்துப் பிள்ளைகள் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொள்ளும் பழமும் இதுவே. மெலஸ்டோமா என்ற அறிவியல் பெயருக்குக் கிரேக்கத்தில் கருவாய் என்றே பொருள்.

இந்தச் செடி சாவதற்கு ஒரே முக்கியக் காரணம் அக்கறை. செண்டுடுக்குக்குப் புளிப்பு மண்தான், அதாவது அமிலத்தன்மை உள்ள மண்தான் வேண்டும், அலுமினியம் நிறைந்த ஏழை மண்ணில் சுகமாக வளரும். சுண்ணாம்போ டோலமைட்டோ போட்டால் புதுத்துளிர் மஞ்சளடித்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்று, செடி மெல்ல மெல்லச் சுருங்கும். கடையில் விற்கிற ‘எல்லாச் செடிக்கும்’ என்ற சிவப்புப் பை மண்ணில் டோலமைட் கலந்திருக்கிறது, பையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். செண்டுடுக்குக்கு அதை வாங்காதீர்கள். சிமெண்டுச் சுவரை ஒட்டியும் நடாதீர்கள். சுவரிலிருந்து வழிகிற நீரே சுண்ணாம்பு. மூன்றடி தள்ளி, முழு வெயிலில், வெறும் செம்மண்ணில் மக்கிய இலை ஒரு பங்கு கலந்து நட்டால் போதும். நீலக் குருணையாக விற்கிற ரசாயன உரம் வேண்டாம். போட்டால் இலைதான் கொழுக்கும், பூ குறையும். வருஷத்துக்கு ஒரு தடவை மூன்றடிக்கு வெட்டிவிட்டால் புதர் அடர்த்தியாகும்.

ஒரு எச்சரிக்கை. பின்பகுதிப் பைகளில் சிலவற்றில் செண்டுடுக் பூலு தானாக முளைத்து நிற்கிறது, தனியாகவே ஒன்றிரண்டு பைகள் செண்டுடுக் என்ற பெயரில் அடுக்கப்பட்டும் இருக்கின்றன. இது அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்து காட்டுக்குள் பரவிய களை. பூவில்லாத கன்றில் குழப்பம் வருவது இயல்பு, இரண்டு இலையிலும் அடியிலிருந்து நுனிவரை ஓடும் வளைந்த நரம்புகள் உண்டு. தடவிப் பாருங்கள்: செண்டுடுக் இலை சொரசொரக்கும், பூலு இலையும் தண்டும் முழுக்க நீண்ட மயிர், இலை மெத்தென்று சுருக்கம் விழுந்திருக்கும். பூத்தால் சந்தேகமே இல்லை, பூலுவின் பூ சின்ன வெள்ளை. அதே இடத்தில் ஊதாப்பூ பெரிதாக விடும் பிரேசில் நாட்டு திபூச்சினாவையும் செண்டுடுக் என்று சொல்லி 18 வெள்ளிக்கு விற்கிறார்கள். அது அழகுச்செடி, அவ்வளவுதான்.

சிம்போ ஆயேர் 12 வெள்ளி. சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயைச் சுற்ற இலை பறித்த மரம் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். மஞ்சள் பூ ஒரு நாள்தான் நிற்கும், ஆனால் வருஷம் முழுவதும் தினம் ஒன்று இரண்டு என்று வந்துகொண்டே இருக்கும். காய் முற்றினால் நட்சத்திரம்போல விரிந்து, உள்ளே சிவப்புச் சதை போர்த்திய விதை தெரியும். சின்னான் வந்து காலி செய்துவிடும். இதற்கு இடம் வேண்டும். பத்தடி அகலம் பரவும், தாமான் என்கிற குடியிருப்பு வரிசை வீட்டின் ஆறடி ஓரத்துக்கு ஒத்துவராது. கடைக்காரர் ‘வெட்டி வெட்டி வச்சுக்கலாம்’ என்பார். வெட்டிக்கொண்டே இருந்தால் பூ எங்கே வரும்? மூலை வீட்டுக்காரர், கம்பத்து (கிராமத்து) வீட்டுக்காரர் வாங்கலாம். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் இடமா, அதுதான் இதற்கு இடம்.

வெட்டுவது பற்றிய அதே பேச்சு கெலாட் பாயாவுக்கும் பொருந்தும். சிவப்புத் துளிர் விடுகிறதே, ‘ரெட் லிப்’ என்று ஊரெல்லாம் வேலியாக நிற்கிறதே, அதுதான். அசல் நாட்டு மரம். மாதம் ஒரு முறை இயந்திரத்தால் மொட்டையடிக்கிற வேலியில் பூவும் இல்லை, பழமும் இல்லை. பச்சைச் சுவர் மட்டும். ஒரு மூலையில் இரண்டு மரத்தை வெட்டாமல் விட்டால் வெள்ளைப்பூவுக்குத் தேனீயும் கறுத்த பழத்துக்குப் பறவையும் வரும். இரண்டடிக் கன்று 7 வெள்ளி.

மெமாலியை யாரும் வாங்குவதில்லை, அதனால் 4 வெள்ளிக்குத் தள்ளிவிடுகிறார்கள். பார்க்க ஒன்றுமில்லாத செடி. பச்சையும் வெள்ளையுமாகப் பொடிப் பூ, கொத்தாக. அந்தக் கொத்தில் பட்டாம்பூச்சி, குளவி, வண்டு, ஈ என்று நாள் முழுக்கச் சந்தை. அரை நிழல் போதும். மாமரத்தடியில் வேறு எதுவும் வராத இடத்தில் வைக்கலாம்.

பாங்கில் பாங்கில் என்று மலாய்க்காரர்கள் சொல்கிற கோபுரப்பூ 8 வெள்ளி. ஆரஞ்சுச் சிவப்பில் அடுக்கடுக்காக நிற்கும், நீளக் குழாய்ப்பூ என்பதால் பெரிய கறுப்புப் பட்டாம்பூச்சிகள் சிறகடித்தபடியே குடிக்கும். வேர்வழியாகக் கன்றுவிட்டுக்கொண்டே போகும், ஒரு வருஷத்தில் பக்கத்துப் பாத்தியில் எட்டிப்பார்க்கும். கட்டுப்படுத்த நினைத்தால் அடி வெட்டிய பெரிய வாளியைப் புதைத்து அதற்குள் நடுங்கள். வெள்ளிலைச் செடி வகையான பாலேக் அடாப் வாங்குகிறவர்கள் வெள்ளை இலை ஒன்று மட்டும் விடுகிற, சின்ன ஆரஞ்சுப் பூ உள்ளதைக் கேட்டு வாங்கவும். அதன் இலையில்தான் ஒரு பட்டாம்பூச்சியின் புழு வளரும். பிங்க் நிறத்தில் பொங்கி நிற்கும் ஒட்டு ரகம் கண்ணுக்கு மட்டும்.

காந்தான் என்ற இஞ்சி இனச் செடிக்கு இங்கே கிராக்கி அதிகம், சமையலுக்காக. கிழங்கோடு இரண்டு மூன்று முளை உள்ள துண்டு 15 வெள்ளி. ஒரே முளை மட்டும் உள்ளதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள், பூக்க ரொம்ப நாளாகும். ஆளுயரத்தைத் தாண்டி வளரும், ஆறடிக்கு ஒன்று என்று இடைவெளி விடுங்கள். மொட்டு எல்லாவற்றையும் லக்சா என்ற நூடுல்ஸ் குழம்புக்கு வெட்டாமல் நாலில் ஒன்றை விரியவிட்டால் தேன்சிட்டு வரும். காட்டோரத்து வீடாக இருந்தால் நீள அலகுச் சிலந்திபிடிப்பானும் வரலாம். அடித்தண்டின் காய்ந்த ஓலையைக் கழித்துவிடுங்கள், இல்லையென்றால் எலியும் எலியைத் தேடிப் பாம்பும் தங்கும்.

வலையின் கடைசித் தூணில் புறா ஆர்க்கிட் தொங்குகிறது, ஒரு கைப்பிடி 10 வெள்ளி. இதைப் பற்றி ஒன்று சொல்லாமல் போகமுடியாது. நல்ல மழை பெய்து வெப்பம் சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால், சரியாக ஒன்பது நாள் கழித்து ஊரில் உள்ள அத்தனை புறா ஆர்க்கிட்டும் ஒரே காலையில் பூக்கும், மாலையில் வாடிவிடும். சாலையோர மழைமரங்களில் அன்றைக்கு நிமிர்ந்து பாருங்கள். எல்லாம் ஒரே நாளில் பூப்பதால் தேனீ ஒரு மரத்து மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். கட்டும்போது சொரசொரப்பான பட்டை உள்ள மா, ரம்புத்தான் மரத்தில் கட்டுங்கள். கொய்யா வேண்டாம், பட்டை உரிந்து செடியோடு விழும். தேங்காய் மட்டைத் துண்டை அடியில் வைத்து, துணிநாடாவால் இறுக்கினால் போதும். கம்பி தண்டை அறுக்கும். தூணில் தொங்குகிற கொத்து எங்கே எடுத்தது என்று கேளுங்கள். காட்டிலிருந்து எடுத்தது என்றால் விட்டுவிடுங்கள். வெட்டுப்பட்ட சாலை மரத்திலிருந்து என்றால் தயக்கமில்லாமல் வாங்கலாம்.

புழுவுக்கான செடிகள் விஷயத்தில் கடை ரொம்பப் பின்தங்கியிருக்கிறது. ஒரு கணக்கில் கவலையில்லை, பாதி நம் வீட்டிலேயே இருக்கிறது. கறிவேப்பிலை இந்தியாவிலிருந்து வந்ததுதான் என்றாலும் கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும். எலுமிச்சையிலும் லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையிலும் எலுமிச்சை அழகியும் சேர்ந்துகொள்ளும். சின்னப் புழு பறவை எச்சம் மாதிரி கறுப்பு வெள்ளையாக இருக்கும், அதைப் பார்த்துத்தான் பலர் நசுக்கிவிடுகிறார்கள், வளர்ந்தால் பச்சை. இரண்டு மூன்று வாரத்தில் கூடு கட்டிவிடும், செடி மறுபடி துளிர்க்கும். சமையலுக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று என்று இரண்டு கன்றாக வைத்தால் வீட்டில் சண்டை வராது. டுரியான் பிளாண்டா என்கிற முள் சீத்தா இருந்தால் கறுப்பில் பச்சைப் புள்ளியிட்ட, ஒரு இடத்தில் நிற்காமல் பறக்கும் பட்டாம்பூச்சி வரும். சண்பகத்துக்கும் அதுவே.

கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடாதது ஒன்று உண்டென்றால் முன்பகுதியில் ‘பட்டாம்பூச்சிக் கொடி’ என்று 25 வெள்ளிக்குத் தொங்கும் பெரிய பூக் கருடக்கொடி. பழுப்பு ஊதாவில் வெள்ளைக் கோலம் போட்ட, உள்ளங்கை அளவுப் பூ; இலை சிறுநீரக வடிவம். தென் அமெரிக்கக் கொடி. நாட்டுக் கருடக்கொடியில் முட்டையிடும் வகைப் பட்டாம்பூச்சிகள் வாசனையில் ஏமாந்து இதில் முட்டையிடும், புழு தின்று செத்துப்போகும். ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் என்ற பெயருள்ள பெரும் பட்டாம்பூச்சி இனத்துக்கு இந்தக் கொடி பெரிய ஆபத்தாகி, அங்கே தேடித் தேடிப் பிடுங்குகிறார்கள். ரோஜா அழகிப் பட்டாம்பூச்சி வேண்டுமென்றால் இதய வடிவ இலையும் விரல் நீளச் சின்னப் பூவும் உள்ள நாட்டுக் கொடியைப் பின்பகுதியில் சொல்லிவைத்து வாங்குங்கள். எப்போதாவதுதான் வரும். இன்னொன்று, கருடக்கொடியை, ஈஸ்வரமூலியை விஷக்கடிக்கு மருந்து என்று இடித்துக் குடிக்கும் பழக்கம் பழைய லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தது. இந்த இனத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும். புழுவுக்கு மட்டும் இருக்கட்டும்.

ஈயச் சுரங்க மணலில் வீடு கட்டியவர்கள் எருக்கு கேளுங்கள், கடையில் சிரிப்பார்கள், இருந்தாலும் ஒரு குச்சி கொடுப்பார்கள். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அது போதும். முன்னால் விற்கிற சிவப்பு மஞ்சள் பால்செடி தேவையில்லை. இரண்டின் பாலும் கண்ணில் படக்கூடாது, கிள்ளியபிறகு கையைக் கழுவவும்.

செடி தவிர்த்த சாமான்களை வேகமாகச் சொல்லிவிடலாம். சிவப்புப் பிளாஸ்டிக் தேன்சிட்டுப் புட்டி வேண்டாம். அமெரிக்க ஓசனிச்சிட்டுக்குச் செய்தது, நம் வெயிலில் சீனித்தண்ணீர் ஒரே நாளில் புளித்து எறும்புக்குத்தான் போகும். தானியத் தட்டும் அப்படியே, புறாவும் எலியும் தின்னும். மரக்கூட்டின் துளை பெரிது, மைனா குடியேறும். பறவைக்குத் தண்ணீர் வைக்கும் அகலமான மண் தொட்டி மட்டும் நல்ல சாமான், 14 வெள்ளி. இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றாமல், நடுவில் ஒரு தட்டைக் கல் போட்டு வையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை கொட்டி, உள்பக்கம் தேய்த்துக் கழுவவேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. கல்லாவில் வைத்திருக்கும் எலி விஷக் கட்டி பற்றியும் ஒரு வார்த்தை: தோட்டங்களில் எலியைப் பிடிக்க ஆந்தைப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். விஷம் தின்ற எலியைத் தின்றால் அந்தக் கூகை ஆந்தையும் சாகும். பொறி வாங்கிக்கொள்ளுங்கள்.

செம்பனை எண்ணெய் ஆலையில் பழம் நீக்கியபின் மிஞ்சும் வெறுங்குலை மூட்டை 6 வெள்ளிக்குக் கிடைக்கிறது, மூடாக்குக்கு நல்லது. ஒரே அடுக்காகப் பரப்பவேண்டும், தண்டிலிருந்து அரையடி தள்ளி. குவித்து வைத்தால் மக்குகிற குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அப்புறம் உங்கள் தென்னையும் பக்கத்துத் தென்னையும் பாழ். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

நட்டுக் கொடுக்கும் ஆட்கள் வேகமானவர்கள், ஆனால் பாலிபேக்கின் அடியை மட்டும் கீறிவிட்டு அப்படியே குழியில் இறக்குகிறார்கள். பக்கத்தில் நின்று பையை முழுவதும் கழற்றச் சொல்லுங்கள். வேர் உள்ளே வட்டமாகச் சுற்றியிருந்தால் மூன்று பக்கம் கத்தியால் மேலிருந்து கீழாக ஒரு கீறு போடவேண்டும். இல்லையென்றால் இரண்டு வருஷம் கழித்துக் காற்றில் ஆடிச் சாயும். மணல் நிலத்தில் குழி இரண்டடிக்கு இரண்டடி எடுத்துச் செம்மண் நிரப்பினால்தான் தண்ணீர் நிற்கும். களிமண்ணாக இருந்தால் குழி வேண்டாம், அரையடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் மூன்று நான்கு லிட்டர், பிறகு ஆறாவது வாரம்வரை ஒன்றுவிட்டு ஒரு நாள். நடுவதற்கு ஏப்ரல் அல்லது அக்டோபர் மழை தொடங்கும்போது சரி. பிப்ரவரியில் நட்டுவிட்டு ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது குச்சிதான் நிற்கும்.

ஏழு நாளுக்குள் செத்தால் மாற்றித் தருகிறார்கள், ரசீது வேண்டும். திறந்த லாரியில் அனுப்பும்போது வலை போட்டு மூடச் சொல்லுங்கள், மறந்தால் மெமாலி இலையெல்லாம் காற்றில் கருகி வரும். பின்பகுதிச் செடிகளுக்குப் பெயர்ச்சீட்டே கிடையாது, எல்லாம் அந்த அம்மாவின் வாயில்தான். அவர் வேலைக்கு வருவது காலையில் மட்டும். மதியத்துக்கு மேல் போனால் கல்லாவில் இருப்பவர் சிமெண்டு வாத்தைத்தான் காட்டுவார்.